எதிர்க்கடைக்காரருக்காகக் கேட்ட துஆ

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. மிச்ச எழுத்தை லாரிகளின் முதுகைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இன்றைக்குச் சங்ககிரியில் வந்து நின்று, தார்ப்பாய் தைக்க நல்ல ஆள் யார் என்று எந்த டிரைவரையாவது கேளுங்கள். கை என் பக்கம்தான் நீளும். புளியமரத்தடியில் ஒரு கோணி ஊசியும் ஒரு உருண்டை நூலுமாக உட்கார்ந்து கிழிசல் தைக்க ஆரம்பித்தவன் நான். மாடி வைத்து வீடு கட்டினேன், இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தேன், மனைவியைக் கூட்டிக்கொண்டு ஹஜ்ஜும் செய்துவிட்டு வந்தேன். என் அத்தா எனக்கு விட்டுப்போனது நல்ல பெயர் ஒன்றுதான். முதலில் அல்லாஹ்வின் கிருபை, அடுத்தது என் கை. நான் தைத்த பாய்க்குக் கீழே சிமெண்ட் மூட்டை அஸ்ஸாம் மழையிலும் நனையாமல் போய் இறங்கியிருக்கிறது. இதை டிரைவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்ல மறந்தால் நான் சொல்வேன்.

துஆ என்று அல்லாஹ்விடம் கையேந்திக் கேட்பதைப் பற்றி மார்க்கம் படித்தவர்கள் எத்தனையோ எழுதியிருப்பார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. எதிர்க்கடைக்காரருக்காக நான் துஆ கேட்டேன். அதை எப்படிக் கேட்டேன் என்பது மட்டும் தெரியும்.

திருச்செங்கோடு போகும் சாலையில் என் கடை கிழக்கே பார்த்திருக்கிறது. நேர் எதிரே மேற்கே பார்த்த கடை அவருடையது. அவரும் தார்ப்பாய்தான். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர், எங்கள் ஜமாஅத்துக்காரர். நான் கடை போர்டுக்குப் பச்சை அடித்தால் அடுத்த மாதமே அவர் போர்டும் பச்சையாகும். நான் டிரைவர்களுக்கு மண்பானையில் தண்ணீர் வைத்தேன். அவர் நீர்மோர் வைத்தார். விட்டேனா? நன்னாரி சர்பத் வைத்தேன். அப்போதுதான் என் வீட்டுக்காரி சொன்னாள், இனி பிரியாணி ஒன்றுதான் பாக்கி, அதையும் போட்டுவிட்டுத் தார்ப்பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு இரண்டு பேரும் ஹோட்டல் நடத்துங்கள் என்று.

எங்களுக்குள் சண்டை என்று ஒன்று நடந்ததே இல்லை. நடந்திருந்தால் சமாதானமாவது வந்திருக்கும். பள்ளிவாசலில் ஒரே வரிசையில் நிற்போம், அவர் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. சலாம் சொல்லாமல் இருந்ததில்லை. ஆனால் அந்தச் சலாம் கல்லைப் போட்ட மாதிரி நடுரோட்டில் விழும். எனக்குப் பொறுக்காத ஒன்று இருந்தது. தினமும் சாயங்காலம், அஸர் தொழுதுவிட்டு வந்து நான் கடையில் உட்கார்ந்ததும், அவர் அங்கிருந்து என்னை முறைப்பார். புருவத்தைச் சுருக்கி, வாயை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, இவன் இன்னும் கடையை மூடவில்லையா என்பதுபோல ஒரு பார்வை. நானும் விடமாட்டேன். பார்வைக்குப் பார்வை வைத்துக்கொண்டே ஊசியை ஓட்டுவேன். விரலில் குத்திக்கொண்டதும் உண்டு.

இப்படி இருக்கும்போது, பகலில் லாரி ஊருக்குள் வரக்கூடாது என்று சாலை முனையில் போர்டு வைத்துவிட்டார்கள். லாரி வராத தெருவில் தார்ப்பாய்க்கடை வைப்பதும் குழந்தை இல்லாத ஊரில் பலூன் விற்பதும் ஒன்றுதான். எனக்கும் ஈ ஓட்டுகிற வேலை, எதிரேயும் ஈ ஓட்டுகிற வேலை. எங்கள் சாலை பைபாஸில் போய்ச் சேரும் முக்கில், கோழிப்பண்ணை வைத்திருக்கும் கவுண்டர் ஒருவர் கடை கட்டிக்கொண்டிருந்தார். வடக்கே பார்த்த கடை. முன்னால் பத்து லாரி நிற்கிற அளவுக்குக் காலி இடம், ஓரத்தில் ஒரு பெரிய வேம்பு. தார்ப்பாய்க்கடைக்கென்றே அல்லாஹ் அளந்து வைத்த இடம். நான் போய்க் கேட்டேன். எனக்கு முந்தின நாள் எதிர்க்கடைக்காரரும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

கவுண்டர் யார் மனதையும் நோகடிக்காதவர். ரெண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள், கட்டடம் முடியட்டும், எங்கள் அம்மனிடம் பூ கேட்டு முடிவு செய்கிறேன் என்று சொல்லிவிட்டார். அவர்கள் பக்கம் அப்படி ஒரு வழக்கம். சிலையின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்டி வைப்பார்கள். எந்தப் பக்கத்துப் பூ முதலில் விழுகிறதோ அதுதான் உத்தரவு. பெண் பார்ப்பதிலிருந்து போர்வெல் போடுவது வரைக்கும் கவுண்டர் பூ கேட்காமல் செய்வதில்லை. அவர் இடம், அவர் சாமி. நான் என்ன சொல்வது? சரி என்று வந்துவிட்டேன்.

அந்த வருஷம்தான் ஹஜ் குலுக்கலில் எங்கள் பெயர் வந்தது.

ஹஜ்ஜுக்குப் போகிறவர் கிளம்பும் முன்னால் வீடு வீடாகப் போய், தெரிந்தோ தெரியாமலோ தப்புச் செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட்டுத்தான் போவார். எங்களில் அது வழக்கம். கேட்கப் போன இடத்தில் அவர்களும் ஒன்று கேட்பார்கள்: அங்கே போய் எனக்காக துஆ செய்யுங்கள். என்ன துஆ என்று சொல்லும் முன்பே, கண்டிப்பாகக் கேட்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும். யோசித்தால் அவர்கள் மனம் சுருங்கும். நானும் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். டீக்கடை அம்மாவுக்கு முட்டிவலி நிற்க வேண்டும். ஒரு டிரைவருக்கு, ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட மகள் வீட்டுக்கு வந்தால் போதும். கவுண்டரையும் விடவில்லை. அவர், "பாய், எனக்குன்னு ஒண்ணும் வேண்டாங்க. மழை மட்டும் கேளுங்க. அதுல உங்களுக்கு எங்களுக்குன்னு பிரிச்சுக் கேக்க வேண்டியதில்ல பாருங்க" என்றார்.

மற்றவர்கள் இதையெல்லாம் காகிதத்தில் எழுதிக்கொண்டு போவார்கள். நான் கயிற்றுக்காரன். ஒரு முழ நூல்கயிற்றில் ஆளுக்கொரு முடிச்சாகப் போட்டுவைத்தேன். ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. மழைக்கு, தார்ப்பாயை இழுத்துக் கட்டும் பெரிய முடிச்சு. ஓடிப்போன பெண்ணுக்கு, அவிழ்த்தால் சேதமில்லாமல் பிரிகிற பூ முடிச்சு. தொட்டுப் பார்த்தே யாருடையது என்று சொல்வேன். இந்த ஞாபகம் எட்டாவது படித்தவனுக்கு வராது.

எல்லா வீடும் முடிந்தது. எதிர்க்கடைக்குப் போனீர்களா என்று வீட்டுக்காரி கேட்டாள். தினமும் பார்க்கிற மனிதர்தானே என்றேன். தினமும் பார்க்கிற மனிதரிடம்தான் அதிகம் கேட்க வேண்டியிருக்கும் என்றாள். ரோட்டைத் தாண்டி அந்தக் கடைக்குள் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கால் வைத்தேன்.

அவர் எழுந்து நின்றார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ சொன்னார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவரும், என் பக்கம் தவறு இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். அதோடு எழுந்து வந்திருக்கலாம். டீயை வைத்துவிட்டு வர மனமில்லை.

"அண்ணே, எனக்காக ஒண்ணு கேக்கோணுமுங்க" என்றார்.

"கேட்டுட்டேன்னே வச்சுக்கங்க" என்றேன்.

"அந்த பைபாஸ் முக்குக் கடை எனக்குக் கெடைக்கோணும். அங்க போய் நீங்க கேளுங்க."

அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இல்லை, கேலி இல்லை. நானும் அதே இடத்துக்கு அலைகிறேன் என்பது சங்ககிரிக் காக்காய்க்கும் தெரியும். இவருக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்கிறாரா? வாயைக் கொடுத்தாயிற்று. "கேக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தேன். வந்து கயிற்றை எடுத்து அவருக்கும் ஒரு முடிச்சுப் போட்டேன். உருவாஞ்சுருக்கு. ஒரு இழுப்பு இழுத்தால் இருந்த இடம் தெரியாது.

வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய், இப்படிக் கேட்டால் அது கணக்கில் வருமா என்று கேட்டேன். ஒப்புக்கொண்டால் அது அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள் மாதிரி, கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதுதான் என்றார். இன்னொன்றும் சொன்னார். ஒருவருக்காக அவர் இல்லாத இடத்தில் துஆ கேட்டால், பக்கத்தில் இருக்கும் வானவர், அந்த மலக்கு, ஆமீன் சொல்லி, உனக்கும் அதே போலக் கிடைக்கட்டும் என்பாராம்.

"ஹஜ்ரத், முக்கு ஒண்ணுதானுங்களே இருக்கு?" என்றேன்.

ஹஜ்ரத்துக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

மக்கா போய்ச் சேர்ந்தோம். கஃபாவை முதன்முதலாகப் பார்த்தபோது என்ன ஆனேன் என்று எழுத எனக்கு எழுத்துப் போதாது. அதை விட்டுவிடுகிறேன். எனக்கு அரபியில் ஓதத் தெரியும், கேட்கத் தெரியாது. கேட்பதெல்லாம் தமிழில்தான், அதுவும் எங்கள் ஊர்த் தமிழில். எல்லா ஊர்க்காரனும் அவனவன் பேச்சில் அழுதுகொண்டிருந்தான். என் பேச்சு மட்டும் அங்கே புரியாமலா போகும்? கயிற்றை வெளியே எடுத்து ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுக் கேட்டு, கேட்டதும் அவிழ்த்தேன். முட்டிவலிக்கு மனம் உருகிக் கேட்டேன். அந்தப் பெண்ணுக்காகக் கேட்டபோது, பெண்ணைப் பெற்றவன் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்தது. மழைக்குக் கேட்ட வேகத்தில் மேட்டூர் அணையே நிறைந்திருக்க வேண்டும்.

எதிர்க்கடைக்காரர் முறை வந்தது. முடிச்சைத் தொட்டேன். நாக்கு எழும்பவில்லை. பிறகு சமாளித்து, யா அல்லாஹ், அவருக்கு ஒரு நல்ல இடமாகக் கொடு என்றேன். கேட்டுவிட்டேன், கடமை தீர்ந்தது என்று அறைக்கு வந்தால் தூக்கம் வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். தைத்து முடித்த பாயை நான் மேலிருந்து பார்த்து ஒப்புக்கொள்வதில்லை. இரண்டு கம்பத்தில் இழுத்துக் கட்டி, நல்ல வெயிலில் அதற்குக் கீழே புகுந்து நின்று அண்ணாந்து பார்ப்பேன். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும். கீழிருந்து பார்த்தால்தான் எங்கே ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் ஒழுகுகிறது என்று தெரியும். அந்த ஓட்டை வழியாகத்தான் மழை இறங்கும். இந்த துஆவுக்குக் கீழே புகுந்து பார்த்தேன். நல்ல இடமாகக் கொடு என்று கேட்டேனே தவிர, அந்த இடத்தைக் கொடு என்று கேட்கவில்லை. மேச்சேரியில் கொடு, ஓமலூரில் கொடு, முக்கை மட்டும் கொடுக்காதே என்று அதற்கு அர்த்தம். என்னிடம் இப்படி ஒரு பாய் வந்தால் பிரித்துத் தைக்கச் சொல்வேன்.

அடுத்த நாள் பிரித்துத் தைத்தேன். யா அல்லாஹ், அவருக்கு அந்த முக்கைக் கொடு, எனக்கு அதைவிடப் பெரிய முக்காகக் கொடு. இதற்குக் கீழே புகுந்து பார்க்கவே தேவையில்லை. மேலிருந்தே ஓட்டை தெரிந்தது. கயிற்றில் அந்த ஒரு முடிச்சு மட்டும் மிச்சமிருந்தது. உருவாஞ்சுருக்காகப் போட்டதால் பைக்குள்ளே தானாக வேறு அவிழ்ந்துகொண்டது. வீட்டுக்காரி கயிற்றை எடுத்துப் பார்த்து, எல்லாம் முடிந்துவிட்டதா என்றாள். இல்லை என்று சொல்லி மறுபடி போட்டேன். இந்தத் தடவை இறுக்கமாகவே போட்டேன்.

அரஃபா நாள் வந்தது. ஹஜ்ஜில் அந்த ஒரு நாள்தான் உயிர். உச்சிப்பொழுது சாய்ந்ததிலிருந்து சூரியன் இறங்குகிற வரைக்கும் அந்த வெட்டவெளியில் நின்று கேட்பது வீண்போகாது என்பார்கள். தைக்காத இரண்டு வெள்ளைத் துணி மேலே. தையல்காரனுக்கு அதுவே ஒரு பாடம். நானும் வீட்டுக்காரியும் கூடாரத்தை விட்டு வெளியே வந்து நின்றோம். வெயில் மேற்கே சாய்ந்து நேராக முகத்தில் அடித்தது. நம் ஊர் வெயில் அதற்குத் தம்பி. எங்கள் பெண்களுக்கு அனுப்பலாம் என்று அவள் போனில் என்னை ஒரு படம் எடுத்தாள். எடுத்துப் பார்த்தவள் சொன்னாள்:

"இதென்னங்க, எதிர்க்கடை பாய் மாதிரியே முறைக்கறீங்க?"

போனை வாங்கிப் பார்த்தேன். புருவம் சுருங்கி, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, யாரையோ கடையை மூடச் சொல்கிற மாதிரி நான் நின்றுகொண்டிருந்தேன். அந்த மைதானத்தில் எனக்கு யார் மேலும் கோபமில்லை. கண்ணில் வெயில், அவ்வளவுதான்.

மேற்கே பார்த்த கடை. சாயங்கால வெயில். அஸருக்குப் பிறகு தினமும் அவர் முகத்தில் நேராக அடிக்கும். அதைத் தடுக்க அவர் முன்னால் சாக்கு கட்டித் தொங்கவிட்டதும், சாக்கு கட்டினால் கடை மூடியிருப்பதாக டிரைவர்கள் போய்விடுகிறார்கள் என்று மறுபடி எடுத்ததும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது நான் நிழலில் உட்கார்ந்து சர்பத் குடித்துக்கொண்டிருந்தேன். துண்டால் அடிக்கடி கண்ணைத் துடைத்துக்கொள்வார். என்னைப் பார்த்து வயிற்றெரிச்சலில் துடைக்கிறார் என்று நினைத்தேன். வடக்கே பார்த்த கடையில் காலையிலும் வெயில் இல்லை, மாலையிலும் வெயில் இல்லை. எனக்கு அந்த முக்கு வியாபாரத்துக்கு வேண்டும். அவருக்குக் கண்ணுக்கும் வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க எல்லோருக்கும் புத்தி வராது. எனக்கு வந்தது. கையை ஏந்தினேன்.

"யா அல்லாஹ், அந்த முக்குக் கடைய அவருக்குக் குடு. அவரு கண்ணுக்கு நெழலக் குடு."

எனக்கு என்று ஒரு சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கடித்துக்கொண்டேன். கீழே புகுந்து அண்ணாந்து பார்த்தேன். இருட்டாக இருந்தது. ஒரு ஊசிமுனை வெளிச்சம்கூட ஒழுகவில்லை. ஆமீன் சொல்லிவிட்டு முடிச்சை அவிழ்த்தேன். இறுக்கமாகப் போட்டது, பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது.

அப்புறம் நல்ல பசி எடுத்தது.

திரும்பி வரும்போது விமானத்தில் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. நான் கேட்ட துஆ எதுவும் இதுவரைக்கும் வீண்போனதில்லை. இதுவும் வீண்போகாதே! வீட்டுக்காரியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு நடந்துவிடுமோ என்று பயப்படுகிற ஹாஜியாரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

ஊருக்கு வந்தால் மழை பெய்திருந்தது. நல்ல மழை. கவுண்டர் பண்ணையிலிருந்து முட்டை அட்டைகளோடு ஆளை அனுப்பியிருந்தார். டீக்கடை அம்மாவுக்கு முட்டி கொஞ்சம் பரவாயில்லை. ஓடிப்போன பெண் இன்னும் வரவில்லை. ஆனால் போன் செய்து தன் அம்மாவிடம் பேசியிருக்கிறது. எல்லோரும் வந்து ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் வாங்கிப் போனார்கள். எதிர்க்கடைக்காரர் கடைசியாக, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு வந்தார். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து முஸாஃபஹா செய்தார். கையை விடவில்லை.

"கேட்டீங்களாண்ணே?"

"கேட்டேன். நெழலோட சேத்துக் கேட்டேன்."

அவருக்குக் கண்ணில் சதை வளர்கிறதாம், வெயிலில் உட்காரக் கூடாது என்று சேலத்து டாக்டர் சொல்லியிருக்கிறாராம். இதை அவர் வீட்டைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லையாம், உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். அங்கே தெரிந்தது என்றேன். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு சுற்றுப் பெரிதான மாதிரி இருந்தது. நானும் திருத்தவில்லை.

வெகுநாளாக வயிற்றில் கிடந்ததை நானும் கேட்டேன். "நானும் அந்த எடத்தக் கேட்டிருக்கறது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா எங்கிட்டக் கேட்டீங்க?"

"அதனாலதானுங்கண்ணே கேட்டேன். எனக்கே கெடைச்சாலும், உங்க வயித்தெரிச்சல வச்சுக்கிட்டு நான் அங்க கடை நடத்த முடியுமா? நீங்களே எனக்காகக் கேட்டுட்டு வந்துட்டா, கெடைச்சா உங்க துஆ. கெடைக்கலன்னாலும், எனக்காக ஒருதரம் கேட்ட மனுசன் எதுத்தாப்புல இருக்காருன்னு இருப்பனுங்க."

எனக்கு வியாபாரத்தில் யாரும் புத்தி சொன்னதில்லை. சொன்னாலும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டுக்கொண்டேன்.

கட்டடம் முடிந்தது. பாய் ஹஜ்ஜிலிருந்து வரட்டும் என்று கவுண்டர் காத்திருந்தாராம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூ கேட்கப் போகிறேன், பின்னால் யாரும் ஒரு பேச்சுப் பேசக் கூடாது, இரண்டு பேரும் வந்து இருங்கள் என்றார். போனோம். உள்ளே எங்களுக்கு வேலையில்லை. கோயிலுக்கு வெளியே மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தோம். வலப்பக்கப் பூ எனக்கு, இடப்பக்கப் பூ அவருக்கு. வெயில் மேற்கே சாய்ந்து அவர் முகத்தில் அடித்தது. எழுந்து, இடம் மாற்றி உட்காரச் சொன்னேன். முறைப்பது என் முறையானது.

பூ லேசில் விழாது. சில நாள் பூசாரிக்கே தூக்கம் வந்துவிடும் என்பார் கவுண்டர். நாங்கள் லாரி வாடகை பேசினோம், நைலான் கயிறு பேசினோம். ஒரே தொழிலில் இத்தனை காலம் எதிரெதிரே இருந்துவிட்டு, தொழிலைப் பற்றி அன்றைக்குத்தான் பேசினோம். கயிறு கோர்க்கிற ஐலெட் வளையம் அடிப்பதில் அவருக்கு ஒரு சூட்சுமம் தெரிந்திருந்தது. நல்ல சூட்சுமம்தான். என்னுடையது அதைவிட நல்லது.

உள்ளே மணி அடித்தது. கவுண்டர் நெற்றியில் திருநீறோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க பாய், வலது பூவுங்க. உங்களுக்குத்தான்."

எதிர்க்கடைக்காரர் உடனே எழுந்து மாஷா அல்லாஹ் என்றார். என் இரண்டு கையையும் பிடித்தார். நான் அந்த முகத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தேன். தொழில் புத்தி. எங்கேயும் வெளிச்சம் ஒழுகவில்லை. மனிதர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

முக்கு என் கையில். பத்து லாரி நிற்கிற இடம். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. கவுண்டரின் சாமியே கொடுத்துவிட்டது. ஆனால் அந்த வெட்டவெளியில் நின்று அவருக்குக் கொடு என்று நான்தானே கேட்டேன்? எப்படிக் கொடுப்பது என்று அல்லாஹ்வுக்கு நான் வழி சொல்லவில்லை. கொண்டுவந்து என் கையிலேயே வைத்துவிட்டான். நீ கேட்டாயே, இந்தா, நீயே கொடு. கேட்டது உண்மை என்றால் கையைத் திறக்க வேண்டும். மூடிக்கொண்டால் அன்றைக்கு நான் கேட்டதெல்லாம் ஓட்டைப்பாய். அன்றைக்கு இருட்டாக இருந்தது என்று நான் பார்த்ததும் பொய்.

"கவுண்டரே, நான் ஹஜ்ஜுக்குப் போய் அந்த எடம் இவருக்குத்தான் வேணும்னு கேட்டுட்டு வந்திருக்கறேன். இவருக்கே குடுத்துருங்க."

கவுண்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கோயிலைத் திரும்பிப் பார்த்தார். "நல்லா இருக்குதுங்க பாய் உங்க நாயம். எங்க அம்மன் ஒரு பக்கம் குடுத்தா, நீங்க அங்க போய் வேற பக்கம் சொல்லிட்டு வந்திருக்கறீங்க. நடுவுல நான் என்ன பண்றதுங்க?"

"அம்மன் எனக்குக் குடுத்துருச்சுங்க. அது சரியாத்தான் குடுத்துச்சு. இப்ப நான் குடுக்கறேன்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் பூவும் பொய்யில்லை, பாயும் பொய்யில்லை என்று சொல்லித் தலையாட்டினார். எதிர்க்கடைக்காரர் வேண்டாமண்ணே, வேண்டாமண்ணே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது அவர் நின்றது நிழலில்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, சரி, நாளையிலிருந்து நீங்கள் எங்கே உட்காருவீர்கள் என்று மட்டும் கேட்டாள். லாரி எங்கே நிற்கிறதோ அங்கே என்றேன். வாயில் வந்ததைச் சொன்னதுதான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நல்ல யோசனை என்று எனக்கே தெரிந்தது. ஒரு பழைய குட்டியானை வண்டி வாங்கி, பின்னால் தையல் மிஷினை ஏற்றிக்கொண்டேன். மேலே கூரைக்கு என் தார்ப்பாய். இப்போது லாரி பேட்டைக்கு, சர்வீஸ் ரோட்டுக்கு, புதுச்சத்திரம் வரைக்கும்கூட நானே போய்த் தைத்துவிட்டு வருகிறேன். மரத்தடியில் ஆரம்பித்தவனுக்குச் சுவரா முக்கியம்? முதுகு வலிக்கிறது என்பது வேறு விஷயம். அதற்கு எதிர்க்கடைக்காரர் துஆ கேட்கிறார். எதிரே இல்லாவிட்டாலும் அவர் எனக்கு எதிர்க்கடைக்காரர்தான்.

நானும் தினமும் அஸருக்குப் பிறகு அவருக்காகக் கேட்கிறேன். முக்கில் லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கிற நாளில் லேசாக வெளிச்சம் ஒழுகும். மறைக்கப் போவதில்லை. உடனே உட்கார்ந்து தைத்துவிடுவேன். துஆவில் ஓட்டை அடைப்பதில் சங்ககிரியில் என்னை மிஞ்ச ஆளில்லை.

கடை திறந்த அன்று என்னைத்தான் துஆ ஓதச் சொன்னார். ஓதினேன். நீர்மோர் கொடுத்தார்கள். குடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றோம். வெகுநேரம் எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டிருந்தவர், கடைசியில் கேட்டேவிட்டார்.

"அண்ணே, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே? உங்க கடை கெழக்கப் பாத்த கடைங்களே. இத்தன வருசமா காலைல காலைல நீங்க என்னைப் பாத்து முறைச்சுக்கிட்டு இருந்தீங்களே, அதும் வெயில்தானுங்களா?"

டம்ளரைக் கீழே வைத்தேன். ஹஜ் செய்துவிட்டு வந்தவன் பொய் சொல்லக் கூடாது.

"பாதி வெயிலுங்க" என்றேன்.